கோடு போட்ட திரைக்கு எந்தப் படம்?

தொலைக்காட்சியின் வரலாற்றைச் சொல்லும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் சில படங்கள் தவறாமல் வந்துவிடும். கண்ணை விழித்துப் பார்க்கும் ஒரு பொம்மைத் தலை. ஒரு கறுப்புப் பூனை. ஒரு ஜப்பானிய எழுத்து. இறகுத் தலையணி அணிந்த ஓர் அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர். துணிப் பொம்மையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி.

ஏன் இவை? உலகத்தையே வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு கருவி, முதலில் காட்டியது ஒரு பொம்மையையும் ஒரு பூனையையுமா? ஓர் ஊர்வலமோ, ஒரு கால்பந்து ஆட்டமோ, ஒரு கடற்கரையோ கிடைக்கவில்லையா?

காரணம், கோடு! பழைய டிவி திரையில் முழுப்படம் என்று ஒன்று எந்த நொடியிலும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்பட்ட ஸ்கேன் கோடுகள்தான். எத்தனை கோடு என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் படத்தைக் காட்டலாம் என்பது முடிவானது. இன்னொன்றும் உண்டு. எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தாலே, அந்தக் கோடுகளை அவர்கள் மறைக்க நினைத்தார்களா, அல்லது சோதிக்க நினைத்தார்களா என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

கோடு வந்த கதை

ஒரு புத்தகப் பக்கத்தை யாரும் ஒரே பார்வையில் படித்துவிட முடியாது. மேல் வரியில் தொடங்கி, இடமிருந்து வலமாகப் போய், அடுத்த வரிக்கு இறங்கி, மறுபடி இடப்பக்கம் வரவேண்டும். ஒரு காட்சியைக் கம்பி வழியாக அனுப்புவதற்கும் இதே வழிதான். ஒரு கம்பி ஒரு நேரத்தில் ஒரு புள்ளியின் வெளிச்சத்தைத்தான் சுமந்து போகும். அதனால் காட்சியை வரிவரியாக அறுத்து அனுப்பி, மறுமுனையில் வரிவரியாக அடுக்க வேண்டும். வேகமாகச் செய்தால் கண் ஏமாந்துபோய் அதை முழுப்படம் என்று நம்பிவிடும்.

இதற்கு நடைமுறைக்கு ஒத்துவரும் வழி ஒன்றைச் சொன்னவர் பால் நிப்கோ. பெர்லினில் மாணவராக இருந்தபோது, 1884 ஜனவரியில், 23 வயதில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய கருவி ஒரு வட்டத் தட்டு. அதில் சுருள் வடிவில் வரிசையாக ஓட்டைகள். தட்டு சுழலும்போது ஒவ்வொரு ஓட்டையும் காட்சியின் குறுக்கே ஒரு கோட்டைத் தடவிக்கொண்டு போகும். முதல் ஓட்டைக்கு முதல் கோடு, இரண்டாவது ஓட்டைக்கு அதை ஒட்டிய அடுத்த கோடு. எத்தனை ஓட்டையோ அத்தனை கோடு! தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு படம்.

யாரும் அதில் காசு போட முன்வரவில்லை. காப்புரிமையும் காலாவதியாகிப் போனது. நிப்கோ ரயில்வே சிக்னல் தயாரிக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஆனால் 40 ஆண்டுகள் கழித்து அந்தத் தட்டை மற்றவர்கள் தேடி எடுத்தார்கள்.

30 கோடுகளில் ஒரு முகம்

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லோகி பேர்ட் லண்டனில் வைத்திருந்த கருவி 30 கோடுகள் கொண்டது. 1925ஆம் ஆண்டு மார்ச் மாதம் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் அவர் மக்களுக்குச் செய்து காட்டியபோது தெரிந்தவை வெறும் நிழலுருவங்கள். வெளிச்சம், இருட்டு இரண்டும்தான், இடையில் சாம்பல் நிறமே கிடையாது. சாம்பல் நிறச் சாயல்களோடு முதல் படம் கிடைத்தது 1925 அக்டோபர் 2 அன்று. அதில் இருந்தது 'ஸ்டூக்கி பில்' என்று அவர் பெயர் வைத்திருந்த, குரல்மாற்றிப் பேசும் வித்தைக்காரர்களின் பொம்மைத் தலை ஒன்று.

பொம்மையை ஏன் தேர்ந்தெடுத்தார்? அன்றைய ஒளிமின்கலங்களுக்குப் பயங்கரமான வெளிச்சம் தேவைப்பட்டது. அந்தச் சூட்டில் மனிதர் உட்கார முடியாது. பொம்மைக்கு வலிக்காது. அது மட்டுமல்ல, பொம்மையின் முகத்தில் கண், புருவம், உதடு எல்லாம் அடர்த்தியான சாயத்தில் பளிச்சென்று இருக்கும். 30 கோடுகளில் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

படம் தெரிந்ததும் பேர்ட் கீழே ஓடி, அங்கிருந்த அலுவலகத்தில் வேலை பார்த்த 20 வயது வில்லியம் டெய்ன்டனைக் கூட்டிக்கொண்டு வந்து பொம்மை இருந்த இடத்தில் உட்காரவைத்தார். போய்த் திரையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை! சூடு தாங்காமல் டெய்ன்டன் பின்னால் நகர்ந்துவிட்டிருந்தார். கையில் அரை கிரவுன் காசைக் கொடுத்து மறுபடி உட்காரவைத்த பிறகுதான் மனித முகம் திரையில் வந்தது. 1926 ஜனவரி 26 அன்று ஃப்ரித் தெருவின் அதே மாடியில் ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்களுக்கு அவர் செய்து காட்டினார். படம் மங்கலாகவும் அடிக்கடி கலங்கலாகவும் இருந்ததை 'டைம்ஸ்' பத்திரிகை ஒளிக்காமல் எழுதியது.

பேர்டின் கோடுகளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். அவை கிடைக்கோடுகள் அல்ல, மேலிருந்து கீழாகப் போகும் செங்குத்துக் கோடுகள். திரையும் நின்ற வாக்கில் ஒடுக்கமாக இருக்கும். காரணம் எளிது. அந்தச் சின்னத் திரையில் காட்ட முடிந்தது ஒரு முகம், அல்லது நின்றுகொண்டிருக்கும் ஒரே ஓர் ஆள். மனிதருக்கு ஏற்றாற்போல் சட்டத்தைத் தைத்துவிட்டார்!

1930 ஜூலை 14 அன்று பிபிசியின் உதவியோடு இதே 30 கோடுகளில் ஒரு நாடகமே ஒளிபரப்பானது. தேர்ந்தெடுத்தது பிராண்டெல்லோவின் 'வாயில் பூவோடு ஒரு மனிதன்'. பாத்திரங்கள் குறைவு, அசைவும் குறைவு, பெரும்பாலும் பேச்சு. ஒரு நேரத்தில் ஒரு முகத்துக்குத்தான் இடம். ஒருவர் போய் இன்னொருவர் வரும் இடைவெளியில் கட்டம்போட்ட பலகை ஒன்றைக் குறுக்கே தள்ளினார்கள். நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததும் கோடுகள்தான் என்று சொன்னால் மிகையாகாது.

ஓர் எழுத்து, ஒரு பூனை, ஓர் அமைச்சர், ஒரு டாலர்

ஜப்பானின் ஹமாமட்சு நகரில் தொழிற்கல்விப் பள்ளி ஆசிரியர் கென்ஜிரோ தகாயானகி 1926 டிசம்பர் 25 அன்று அனுப்பிக் காட்டியது 'இ' என்ற ஒலிக்கான கதகானா எழுத்து. அனுப்பும் பக்கம் நிப்கோ தட்டு, பார்க்கும் பக்கம் எலெக்ட்ரான் படக்குழாய், 40 கோடுகள். பழைய ஜப்பானிய நெடுங்கணக்கில் அதுதான் முதல் எழுத்து. தமிழில் 'அ' போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம்ம ஊர் 'அ'வின் சுழியும் வளைவும் 40 கோடுகளில் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய எழுத்துக்கு இரண்டே கோடுகள்: ஒரு சாய்கோடு, ஒரு நேர்கோடு. எளிமையும் இருக்கிறது, சோதனையும் இருக்கிறது. ஏனென்றால் ஸ்கேன் கோடுகள் சாய்கோட்டைப் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைத்துவிடும். கருவி எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைச் சாய்கோட்டில் பார்க்கலாம்.

அமெரிக்காவில் 1920களின் இறுதியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் நியூயார்க்கில் 60 கோடுகளில் சோதனை ஒளிபரப்பு நடத்தியபோது, சுழலும் தட்டின்மேல் 'ஃபெலிக்ஸ்' என்ற கார்ட்டூன் பூனையின் பொம்மையை நிற்கவைத்தார்கள். நிமிடக்கணக்கில் சூடான விளக்குகளின் கீழ் சுற்றிக்கொண்டே இருக்கும், சம்பளம் கேட்காது. உடம்பு கறுப்பு, முகம் வெள்ளை. 60 கோடுகளுக்கு அதைவிட நல்ல நடிகர் கிடைப்பது கஷ்டம்!

இதற்கெல்லாம் நேர்மாறான தேர்வு ஏடி&டி நிறுவனத்தினுடையது. 1927 ஏப்ரல் 7 அன்று வாஷிங்டனில் இருந்த வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவரை நியூயார்க்கில் 50 கோடுகளில் காட்டினார்கள். தொழில்நுட்பத்துக்காக அல்ல, பெயருக்காகத் தேர்ந்தெடுத்த முகம் அது. சில அங்குல அகலச் சின்னத் திரையில் முகம் நன்றாகவே தெரிந்தது. அதே 50 கோடுகளை 2,500 நியான் புள்ளிகள் கொண்ட பெரிய திரையில் விரித்தபோது தெளிவு போய்விட்டது. இன்றைக்கும் மறக்கக்கூடாத பாடம் இது. கோட்டின் எண்ணிக்கை மாறாமல் திரையை மட்டும் பெரிதாக்கினால், பெரிதாவது படம் அல்ல, கோடுதான்.

ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் கதை வேறு மாதிரி. பதினான்கு வயதில் வயலில் உழும்போது வரிவரியான உழவுச் சாலைப் பார்த்துத்தான் படத்தையும் இப்படி வரிவரியாக வரையலாம் என்ற எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். 1927 செப்டம்பர் 7 அன்று, 21 வயதில், சான் பிரான்சிஸ்கோவில் சுழலும் தட்டே இல்லாமல், முழுக்க எலெக்ட்ரான் குழாய்களை வைத்து அவர் முதலில் அனுப்பியது ஒரே ஒரு நேர்கோடு. கண்ணாடி வில்லையில் வரைந்த அந்தக் கோட்டைத் திருப்பினால் திரையிலும் அது திரும்பியது. அவ்வளவுதான், போதும்! திரையில் தெரிவது தற்செயலான கீறல் அல்ல, உண்மையான படம் என்பதற்கு அதைவிட நேர்மையான நிரூபணம் இருக்க முடியாது.

ஆனால் பணம் போட்டவர்களுக்குக் கோடு போதுமா? 'இதிலிருந்து எப்போது டாலரைப் பார்க்கப் போகிறோம்' என்று அவர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 1928இல் செய்து காட்டும் நாள் வந்தபோது ஃபார்ன்ஸ்வொர்த் திரையில் போட்டது ஒரு டாலர் குறி! ஒரு வளைவு, அதன் நடுவே நேர்கோடு. நகைச்சுவையும் ஆயிற்று, வளைவு எப்படி வருகிறது என்ற சோதனையும் ஆயிற்று. டாலர் நிஜமாக வந்துசேரப் பல ஆண்டுகளும் பல காப்புரிமை வழக்குகளும் ஆயின. 1939இல்தான் ஆர்.சி.ஏ. அவருக்கு உரிமத்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது.

முகத்திலிருந்து ஊர்வலத்துக்கு

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசியின் முறையான தொலைக்காட்சி சேவை தொடங்கியது. ஒரு வாரம் பேர்டின் 240 கோடுகள், அடுத்த வாரம் மார்க்கோனி-இஎம்ஐயின் 405 கோடுகள் என்று மாறிமாறி ஒளிபரப்பு. பரீட்சை மாதிரிதான்!

405 கோடுகளில் ஒரு தந்திரம் இருந்தது. எல்லாக் கோடுகளையும் ஒரே மூச்சில் வரையாமல், முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி, பிறகு இடைவெளிகளில் மீதிப் பாதி. நொடிக்கு 25 முழுப்படம், ஆனால் 50 அரைப்படம். இதை இன்டர்லேஸிங் என்பார்கள். மினுமினுப்பு வெகுவாகக் குறைந்தது. 1937 பிப்ரவரியில் 240 கோடுகள் கைவிடப்பட்டன. அதே ஆண்டு மே 12 அன்று முடிசூட்டு ஊர்வலத்தை ஹைட் பார்க் முனையிலிருந்து நேரடியாகக் காட்டினார்கள். இதற்கு இடம்விட்டு இடம் கொண்டுபோகக்கூடிய எமிட்ரான் காமிராவும் காரணம். கோடு மட்டும் அல்ல. ஆனாலும் 12 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பொம்மைத் தலையோடு நின்றுபோன திரைக்கு இப்போது குதிரையும் கூட்டமும் கட்டுப்படியாயின.

படத்தை வைத்து ஏமாற்றலாமா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 100 கோடுகள் கொண்ட திரை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன் கறுப்பு, வெள்ளை என மாறிமாறி வரும் 100 கிடைப்பட்டைகள் கொண்ட தாளை வைக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கேன் கோடும் ஒரு பட்டையின்மேல் சரியாக விழுந்தால் படம் அற்புதமாக வரும். தாளை அரைப்பட்டை அளவு மட்டும் கீழே நகர்த்துங்கள். இப்போது ஒவ்வொரு கோடும் பாதிக் கறுப்பையும் பாதி வெள்ளையையும் தடவும். விளைவு? முழுத்திரையும் ஒரே சாம்பல். 100 பட்டைகளும் காணாமல் போய்விடும்!

அதே திரை, அதே தாள். ஒரு இடத்தில் வைத்தால் நூற்றுக்கு நூறு, இன்னொரு இடத்தில் வைத்தால் பூஜ்யம். 1934இல் ஆர்.சி.ஏ.யின் ரேமண்ட் கெல்லும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து, கோடுகளின் எண்ணிக்கையில் ஏறத்தாழ 0.64 பங்கு விவரத்தைத்தான் நம்பிக் காட்ட முடியும் என்றார்கள். பிற்காலத்தில் பொதுவாக 0.7 என்று எடுத்துக்கொண்டார்கள். இதன் பெயர் கெல் காரணி. தில்லியில் 1959இலும் சென்னையில் 1975இலும் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி 625 கோடுகள் கொண்டது. அதில் படத்துக்குப் பயன்பட்டவை சுமார் 575. கெல் காரணியால் பெருக்கினால் உண்மையான தெளிவு சுமார் 400 கோடுகள்தான். விளம்பரத்தில் சொல்லும் எண் ஒன்று, கண்ணுக்குக் கிடைப்பது இன்னொன்று!

எனவே ஒரு திரையின் கோடுகளை விளக்க ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகிறார். செங்குத்துப் பட்டைகளைக் காட்டினால், கிடைக்கோடு போடும் திரையின் குறை எதுவுமே வெளியே வராது. அதனால்தான் பழைய டிவியின் அடையாளமாக எல்லோரும் போடும் செங்குத்து வண்ணப்பட்டைகளைப் பார்த்து ஸ்கேன் கோடு எத்தனை என்று ஒருபோதும் சொல்ல முடியாது. ஒற்றைக்கோடு தடிமனில் ஒரு கிடைக்கோட்டைக் காட்டினால், அது இரண்டு அரைப்படங்களில் ஒன்றில் மட்டுமே வருவதால் படபடவென்று துடிக்கும். சாய்கோட்டைக் காட்டினால் படிக்கட்டு தெரியும். முகத்தைக் காட்டினால் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். கண்ணும் வாயும் இருந்தால் போதும், மீதியை மனித மூளை தானே நிரப்பிக்கொள்ளும்!

சோதிப்பதற்கென்றே வரைந்த படங்கள்

இந்த ஏமாற்றுக்கு மருந்தாக வந்தவைதான் டெஸ்ட் கார்டுகள். 1939இல் ஆர்.சி.ஏ. பயன்படுத்தத் தொடங்கிய பூர்வகுடித் தலைவர் படம் இதில் பெயர்பெற்றது. தலைவரின் முகம் அழகுக்காக அல்ல. சாம்பல் நிறச் சாயல்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்க. சுற்றிலும் வட்டங்கள், படம் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்க. ஒரு முனையை நோக்கிக் குவிந்துகொண்டே போகும் கோட்டு ஆப்புகள்தான் முக்கியம். எந்த இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகின்றனவோ, அந்த இடத்தில் எழுதியிருக்கும் எண்ணே அந்தக் கருவியின் உண்மையான தெளிவு. காமிராவின் குறை இதில் கலந்துவிடக்கூடாது என்பதற்காகப் படத்தை மோனோஸ்கோப் என்ற குழாய்க்குள்ளேயே ஒரு உலோகத் தகட்டில் அச்சிட்டு வைத்தார்கள்.

பிரிட்டனில் 1967 ஜூலையில் வந்த 'டெஸ்ட் கார்டு எஃப்' வண்ணத்துக்கானது. அதை வடிவமைத்த பிபிசி பொறியாளர் ஜார்ஜ் ஹெர்சி, தன் 8 வயது மகள் கேரலையே படத்தில் வைத்தார். பெரியவர்களை வைத்தால் ஒப்பனையும் உடையும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும் என்பதால்தான் குழந்தை. அவள் விளையாடும் பலகையில் உள்ள பெருக்கல் குறிதான் திரையின் சரியான மையம். இருபுறமும் நெருக்கம் கூடிக்கொண்டே போகும் கோட்டுத் தொகுதிகள். சிறுமியைப் பார்த்து மக்கள் சந்தோஷப்பட்டார்கள். மெக்கானிக் ஓரத்தில் இருக்கும் கோடுகளைப் பார்த்தார்!

புத்தகத்தில் அச்சாகும் திரை

இன்னொரு சிக்கல், திரையைப் புகைப்படம் எடுப்பது. எலெக்ட்ரான் கற்றை ஒரு நேரத்தில் ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. காமிராவின் ஷட்டர் நொடியில் 25இல் ஒரு பங்காவது திறந்திருந்தால்தான் 625 கோட்டுத் திரையின் இரண்டு அரைப்படங்களும் பதிவாகும். வேகத்தைக் கூட்டினால் பாதித் திரை இருட்டு. குறைத்தால் அசையும் உருவம் கலைந்துவிடும். அதனால் அசையாத பொருள்களின் படங்களே நிறைய மிஞ்சின. பொம்மையும் பூனையும் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். விற்பவர்களுக்கோ இந்த வம்பே வேண்டாம். வேறொரு நல்ல புகைப்படத்தைத் திரைச்சட்டத்துக்குள் ஒட்டிவிட்டு, 'இது மாதிரிப்படம்' என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிடுவார்கள்.

இதில் பேர்டுக்கு நடந்தது அநியாயம் என்றே சொல்லலாம். 30 கோட்டுப் படத்தை ஒற்றை நிழற்படமாக அச்சிட்டால் வெறும் கறை மாதிரி இருக்கும். ஆனால் அது அசையும்போது கண் பல படங்களைச் சேர்த்துப் பார்க்கும், உருவம் தேறிவிடும். பேர்ட் 1927 செப்டம்பரில் ஸ்டூக்கி பில்லை ஒலித்தட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். 1933 ஏப்ரலில் ஒளிபரப்பான ஒரு நடன நிகழ்ச்சியை ஒரு ஆர்வலரும் இதேபோல் பதிவு செய்திருந்தார். டொனால்ட் மெக்லீன் என்ற பொறியாளர் பல பத்தாண்டுகள் கழித்து இத்தகைய தட்டுகளிலிருந்து கணினி மூலம் படத்தை மீட்டெடுத்தார். அசைந்தபோது காலைத் தூக்கி ஆடும் பெண்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். 30 கோடு என்றால் ஒன்றுமே தெரியாது என்ற எண்ணத்துக்கு, அச்சில் வந்த அசையாப் படங்களும் காரணம்.

காலம் செய்த கூத்து வேறு. 1950களில் சில பிரிட்டிஷ் டிவிகளில் கோடுகளை மறைப்பதற்காகவே எலெக்ட்ரான் புள்ளியை மேலும் கீழும் நுணுக்கமாக ஆட்டும் ஏற்பாடு இருந்தது. கோடு தெரிவது குறை என்று நினைத்தார்கள். இன்றைக்குப் புத்தம்புது திரையில், கோடே இல்லாத படத்தின்மேல் கறுப்புக் கோடுகளை வரைந்து 'பழைய டிவி' என்கிறார்கள்! அந்தத் தடித்த கறுப்பு இடைவெளிகள் பெரும்பாலும் 1980களின் வீடியோ கேம்களின் நினைவு. அந்தக் கருவிகள் இரண்டு அரைப்படங்களையும் ஒரே கோடுகளின்மேல் வரைந்ததால் இடையில் இருந்த கோடுகள் காலியாகவே நின்றன. சாதாரண ஒளிபரப்பில் அந்த இடைவெளி அவ்வளவு பளிச்சென்று இருக்காது.

ஆக, பழைய திரையின் கோடுகளை ஒருவருக்கு விளக்க ஒரே ஒரு படம் போதாது. ஒரு முகம் வேண்டும், கோடு குறைவாக இருந்தாலும் ஏன் வேலை செய்தது என்று காட்ட. ஒரு சாய்கோடு வேண்டும், எங்கே தோற்றது என்று காட்ட. நெருங்கிக்கொண்டே போகும் பட்டைகள் வேண்டும், சொன்ன எண்ணும் கிடைத்த தெளிவும் ஒன்றல்ல என்று காட்ட. முடிந்தால் அசையும் படமும் வேண்டும். முகத்தை மட்டும் காட்டினால் விளம்பரம். பட்டையை மட்டும் காட்டினால் குற்றப்பத்திரிகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வரலாறு.

அடுத்த முறை எங்காவது ஒரு பழைய டிவித் திரையின் படத்தைப் பார்த்தால், அதில் என்ன தெரிகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் படத்தை யார் தேர்ந்தெடுத்தார், எதை விற்பதற்கு, எதைச் சோதிப்பதற்கு என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஸ்டூக்கி பில் அன்றைக்கு அந்த மாடி அறையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை!